பணக்காரர்களிடம் வரி வாங்கி ஏழைகளுக்கு உதவித்தொகை கொடுத்தால் வறுமை குறையுமா?

குறையும். அந்தப் பணத்தில் வளர்ந்தவன் நான். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், இந்தியர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டில் ஏழு பேர். அப்பாவுக்கு வேலை போன பிறகு மாதம் தவறாமல் வந்த ஒரே வருமானம் ஆயாவின், அதாவது பாட்டியின், முதியோர் பென்ஷன்தான். பணம் வந்த அன்று சமையலறை மேசையில் பிரித்து வைப்பார். கரண்டுக்கு ஒன்று, அரிசி எண்ணெய்க்கு ஒன்று, அப்புறம் தங்கையின் ஸ்கூல் ஷூ. பேருக்குத்தான் முதியோர் பணம். அவருக்கென்று மிஞ்சியது வெள்ளிக்கிழமை கற்பூரச் சில்லறை.

அந்த பென்ஷனுக்கும் ஒரு கதை உண்டு. 1928இல் தென்னாப்பிரிக்காவில் அது தொடங்கியபோது இந்தியர்களும் கறுப்பின மக்களும் கணக்கிலேயே இல்லை. 1944இல் சேர்த்தார்கள், வெள்ளையருக்கு ஒரு தொகை, நமக்குக் குறைவு, கறுப்பினத்தவருக்கு அதைவிடக் குறைவு. எல்லாருக்கும் ஒரே தொகை ஆனது 1993இல்தான்.

ஏற்றத்தாழ்வை ஜினி எண்ணால் அளப்பார்கள். எல்லாரும் சமம் என்றால் 0, எல்லாம் ஒருவரிடமே என்றால் 1. 2010-11 கணக்கை வைத்து உலக வங்கி பார்த்ததில், இங்கே வரிக்கும் உதவிக்கும் முன் அது 0.77. வரியைக் கழித்து, உதவித்தொகை, அரசுப் பள்ளி, ஆஸ்பத்திரி எல்லாம் சேர்த்தால் 0.60. நல்ல இறக்கம்தான். ஆனால் பிரேசிலில் வரி, உதவி எதுவும் சேர்க்காமலே அதைவிடக் குறைவு! அள்ளிக் கொடுத்தும் ஏற்றத்தாழ்வில் நாம் இன்னும் மேலேதான் நிற்கிறோம்.

பொருள் வாங்கும்போது விலையோடு கட்டும் வாட் வரி ஏழைகளிடமிருந்து திருப்பிப் பிடுங்குகிறதே என்பார்கள். பாதி உண்மை. 2018இல் அது 14 சதவீதத்திலிருந்து 15 ஆனது. ஆனால் அரிசி, பருப்பு, முட்டை, காய்கறி, பால், பிரவுன் பிரெட், டின் மத்தி மீன் இவற்றுக்கு வாட் இல்லை. கடைச் சீட்டை எடுத்துப் பாருங்கள்: டின் மீன் குழம்பில் மீனுக்கு வரி கிடையாது, மசாலாவுக்கு உண்டு. கோழிக்கும் உண்டு. வெள்ளை பிரெட்டுக்கும் உண்டு; பிரெட்டைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றும் எங்கள் 'பன்னி சோ'வை பிரவுன் பிரெட்டில் செய்து கொடுத்தால் எங்கள் ஊரில் யார் தொடுவார்கள்?

எனக்குக் குறையாகத் தெரிவது தொகையின் அளவு. 2024இல் ஒரு ஆளின் சாப்பாட்டுக்கு மட்டும் அரசே வகுத்த வறுமைக் கோடு மாதம் 796 ரேண்ட். அதே வருடம் குழந்தைக்கான உதவித்தொகை 530. முதியோர் பென்ஷன் 2,000 ரேண்டுக்கு மேல் வருவதால்தான் பல வீடுகளில் பாட்டியை நம்பிப் பேரன்கள் சாப்பிடுகிறார்கள்.

நடுவில் இருக்கும் வயதுக்காரர்கள் பாடுதான் மோசம். என் மாமா மகனுக்கு வேலை இல்லை. கொரோனா சமயத்தில் 350 ரேண்டாகத் தொடங்கிய உதவித்தொகை இப்போது 370 ஆகக் கிடைக்கிறது. வேலை தேடி ஏழெட்டு தடவை ஷேர் டாக்ஸி ஏறி டவுனுக்குப் போய் வந்தால் அது தீர்ந்துவிடுகிறது. மீதி நாளெல்லாம் ஆயா வீட்டுச் சோறு.