வாசகர் கேள்வி – பதில்: கலே அணியின் கோப்பைப் பயணம்

கேள்வி: நான்காம் நிலை லீக்கில் ஆடிய ஒரு கால்பந்து அணி பிரெஞ்சுக் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை சென்றது என்று என் தந்தையார் அடிக்கடி சொல்வார். இது உண்மைதானா? உண்மையென்றால், அந்தப் பருவத்தைப் பற்றி விரிவாக எழுத வேண்டுகிறேன். (வாசகர், புதுச்சேரி)

பதில்: தங்கள் தந்தையார் சொன்னது முழு உண்மை. 1999–2000 பருவத்தில் நிகழ்ந்தது அது. ஆங்கிலக் கால்வாயின் கரையில், இங்கிலாந்தை நோக்கி நிற்கும் துறைமுக நகரமான கலேயின் அணி அப்போது பிரான்ஸின் நான்காம் நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்தது. அதன் ஆட்டக்காரர்கள் துறைமுகத்திலும் அலுவலகங்களிலும் வேலை பார்த்துக்கொண்டு, மிஞ்சிய நேரத்தில் பயிற்சி செய்தவர்கள்.

பிரெஞ்சுக் கோப்பையின் அமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் இந்தப் பயணத்தின் நீளம் புரியும். முதலாம் உலகப் போரில் உயிர்நீத்த விளையாட்டு நிர்வாகி சார்ல் சிமோனின் நினைவாக 1917-இல் தொடங்கப்பட்ட இப்போட்டியில், கிராமத்து அணி முதல் பாரிஸ் நகரத்து அணி வரை எவரும் கலந்துகொள்ளலாம். அண்மைக் காலங்களில் ஒவ்வோர் ஆண்டும் 7,000-க்கும் மேற்பட்ட அணிகள் பெயர் கொடுக்கின்றன. முதல் நிலை லீக் அணிகள் 64 அணிகள் எஞ்சியிருக்கும் கட்டத்தில்தான் உள்ளே வருகின்றன. அதற்கு முன்பே பல சுற்றுகளைக் கடந்து வந்தாக வேண்டியது கலே போன்ற அணிகளின் நிலை. தோற்றால் அன்றோடு வெளியேற வேண்டியதுதான். மறு வாய்ப்பு கிடையாது.

அந்தப் பருவத்தில் கலே தன் வட்டாரத்து அணிகளை ஒவ்வொன்றாக வென்று, அண்டை நகரமான டன்கர்க்கையும் தாண்டி, 64 அணிகளின் சுற்றில் லீல் அணியைச் சந்தித்தது. லீல் அப்போது இரண்டாம் நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்தாலும், அதே பருவத்தில் அந்த லீக்கின் பட்டத்தை வென்று முதல் நிலைக்கு உயர்ந்த வலுவான அணி. ஆட்டம் சமனில் முடிய, பெனால்டி உதைகளில் கலே வென்றது. பின்னர் கான் அணியையும் பெனால்டியிலேயே வென்றது. இதுவரை நடந்ததைத் தற்செயல் என்று தள்ளியவர்களும் இருந்திருக்கக்கூடும். ஆனால் காலிறுதியில் முதல் நிலை அணியான ஸ்ட்ராஸ்பூரை 2–1 என்று வென்றபோது நாடே திரும்பிப் பார்த்தது.

அரையிறுதி 2000 ஏப்ரல் 12 அன்று நடந்தது. எதிரணி போர்தோ, முந்தைய பருவத்தின் தேசிய சாம்பியன். கலேயின் சொந்த மைதானம் இத்தகைய கூட்டத்தைத் தாங்காது என்பதால் லான்ஸ் நகரின் பெரிய அரங்கில் ஆடினார்கள். 90 நிமிடங்கள் முடிந்தும் கோல் இல்லை. கூடுதல் நேரத்தில் ஜான்தோ கோல் அடித்தார். போர்தோவின் லாஸ்லாந்த் அதைச் சமன் செய்தார். பகல் முழுதும் வேறு வேலை பார்க்கும் மனிதர்களின் கால்கள் இந்த இடத்தில்தான் தளர வேண்டும். தளரவில்லை. மில்லியன் இரண்டாவது கோலையும், ஜெரார் மூன்றாவது கோலையும் அடிக்க, பயிற்சியாளர் லாதிஸ்லாஸ் லொசானோவின் அணி 3–1 என்று வென்றது. இந்தப் பருவத்தில் ஒரே ஓர் ஆட்டத்தைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், இறுதி ஆட்டத்தைவிட இந்த அரையிறுதியையே பார்க்கும்படி சொல்வேன்.

இறுதி ஆட்டம் மே 7 அன்று, பாரிஸ் அருகே சான்தெனியில் உள்ள தேசிய அரங்கில் நடந்தது. அந்த அரங்கின் இருக்கைகளும் கலே நகரின் மக்கள்தொகையும் ஏறத்தாழ ஒரே அளவு என்பதை நினைத்துப் பாருங்கள். முந்தைய ஆண்டு இதே கோப்பையை வென்றிருந்த நாந்த் எதிரணி. 34-ஆம் நிமிடத்தில் தூதித்ர் கோல் அடித்துக் கலேயை முன்னிலைக்குக் கொண்டுவந்தார். இடைவேளைக்குப் பின் 50-ஆம் நிமிடத்தில் சிபியெர்ஸ்கி சமன் செய்தார். 90-ஆம் நிமிடத்தில் நாந்துக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அதையும் சிபியெர்ஸ்கியே கோலாக்க, 2–1 என்று ஆட்டம் முடிந்தது. நாந்தின் தலைவரும் கோல்கீப்பருமான 20 வயது மிக்கேல் லான்த்ரோ, கோப்பையைப் பெறும்போது கலேயின் தலைவர் ரெஜினால்ட் பெக்கை அருகில் அழைத்தார். இருவரும் சேர்ந்தே அதை உயர்த்திப் பிடித்தார்கள்.

கேள்வி: அந்தக் கடைசி நிமிடப் பெனால்டி நியாயமானதா? கலே ஏமாற்றப்பட்டது என்று சொல்லலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: நாந்தின் கவேக்லியா பெனால்டி எல்லைக்குள் விழுந்ததற்காக அளிக்கப்பட்ட அந்த முடிவு அன்றும் இன்றும் சர்ச்சைக்குரியதே. என் பார்வையில் அது கடுமையான முடிவு. ஆயினும் ஏமாற்று என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன். காணொளி உதவி இல்லாத காலத்தில் ஒரு நொடியில் நடுவர் எடுத்த முடிவு அது. நாந்தின் நிலையையும் மறந்துவிடக் கூடாது. கோப்பையின் இறுதியில் ஆடிய அந்த அணி லீக்கில் கீழ்நிலைக்குத் தள்ளப்படும் அபாயத்தில் இருந்தது. அடுத்த வாரம் லெ ஆவ்ர் நகரில் தாகித்தியைச் சேர்ந்த மராமா வாஹிருவா அடித்த ஒற்றைக் கோலால்தான் முதல் நிலையில் தப்பிப் பிழைத்தது. மறு பருவத்தில் அதே அணி தேசிய சாம்பியன் ஆனது.

கேள்வி: நாக்-அவுட் போட்டி அதிர்ஷ்டத்தின் விளையாட்டுத்தானே? லீக் போட்டியே உண்மையான தகுதியைக் காட்டும் என்பது என் கருத்து. (வாசகர், திண்டுக்கல்)

பதில்: ஓர் அணியின் நிலையான தரத்தை அறிய லீக்கே சிறந்த அளவுகோல் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். அன்றைய முதல் நிலை லீக்கில் 34 ஆட்டங்கள். கலே அதில் ஆடியிருந்தால் அடிமட்டத்தில் முடித்திருக்கும். ஆனால் கோப்பைப் போட்டி வேறொன்றைக் கேட்கிறது: இன்று, இந்த மைதானத்தில், இவர்களை உங்களால் வெல்ல முடியுமா? அந்தக் கேள்விக்கு லீக்கில் இடமே இல்லை. பிரெஞ்சுக் கோப்பையின் குலுக்கலிலும் இதற்கென ஒரு நல்ல விதி உண்டு. இரண்டு நிலைகளோ அதற்கும் மேலோ தாழ்ந்த அணிக்குப் பொதுவாகச் சொந்த மண்ணில் ஆடும் உரிமை தரப்படுகிறது. இதனால் பெரிய அணிகள் சிறு ஊர்களுக்கு வந்தாக வேண்டும்.

எனக்கு வருத்தம் தருவது வேறொரு மாற்றம். 2020–21 பருவம் முதல், இறுதி ஆட்டத்தைத் தவிர மற்றச் சுற்றுகளில் கூடுதல் நேரம் இல்லை. சமனில் முடிந்தால் நேராகப் பெனால்டி உதைகள்தான். ஆட்டக்காரர்களின் களைப்பைக் குறைக்க இது உதவும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த விதி அன்றே இருந்திருந்தால், போர்தோவுக்கு எதிராகக் கலே அடித்த மூன்று கோல்களில் ஒன்றுகூட விழுந்திருக்காது. அதிர்ஷ்டத்தின் பங்கைக் குறைக்க விரும்புவோர் கூடுதல் நேரத்தை எடுக்கக் கூடாது என்பதே என் கருத்து.

கேள்வி: கலே அணி இப்போது எந்த நிலையில் ஆடுகிறது? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: அந்த அணி இன்று இல்லை. 2006-இல் மீண்டும் காலிறுதிக்கு வந்து, மறுபடியும் நாந்திடமே தோற்றது. 2008-இல் நகரத்துக்குப் புதிய அரங்கம் கிடைத்தது. ஆனால் பணச்சிக்கல் தீரவில்லை. 2017-இல் சங்கம் கலைக்கப்பட்டது. ஒரு நல்ல கோப்பைப் பருவத்தின் வருவாய் சிறிய சங்கத்தை நிரந்தரமாகத் தாங்காது.

கேள்வி: கடல் கடந்த பிரெஞ்சுப் பகுதிகளின் அணிகளும் இக்கோப்பையில் ஆடுவதுண்டா? (வாசகர், காரைக்கால்)

பதில்: ஆடுகின்றன. மார்த்தினிக், குவாதலூப், பிரெஞ்சு கயானா, தாகித்தி, நியூ கலிடோனியா முதலிய பகுதிகளோடு, 19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர்களின் வழித்தோன்றல்கள் வாழும் ரியூனியன் தீவும் தன் அணியை அனுப்புகிறது. ஒருகாலத்தில் கேமரூனின் ரோஜர் மில்லா ஆடிய, அத்தீவின் சான்பியரோவாஸ் அணி, 2020 ஜனவரியில் இரண்டாம் நிலை அணியான நியோரை அதன் சொந்த மைதானத்திலேயே 2–1 என்று வென்று கடைசி 32 அணிகளுள் ஒன்றானது. அடுத்த சுற்றில் எபினால் அணியிடம் 1–0 என்று தோற்றது.