கத்தர்: கேட்டவையும் சொன்னவையும்

தேர்தலையும் கடவுளையும் மறுத்த நக்சல் இயக்கத்தின் தெலங்கானா பாடகர் கத்தரைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கே: கத்தர் சொந்தப் பெயரா?
ப: இல்லை, கும்மடி விட்டல் ராவ். வெள்ளையரை எதிர்த்து 1913இல் அமெரிக்காவில் பஞ்சாபிகள் தொடங்கிய கதர் கட்சியின் நினைவாக வைத்துக்கொண்டது.

கே: மாநிலப் பாட்டு 'ஜய ஜயஹே தெலங்கானா' அவர் எழுதியதுதானே?
ப: இல்லை. கவிஞர் அந்தேஸ்ரீ எழுதியது.

கே: தெலுங்கு தெரியாத எனக்கே கத்தர் பாட்டில் சிலிர்க்கிறதே, எப்படி?
ப: இதைத்தான் எதிர்பார்த்தேன். அவர் மெட்டுக்கு அலையவில்லை. ஒக்கு கதை (தெலங்கானா ஊர்ப்புறக் கதைப்பாட்டு), வீதி நாடகம் என்று ஜனங்களின் காதில் ஏற்கெனவே ஊறியதை எடுத்துச் சொல்லை மட்டும் மாற்றினார். ஒருவர் எடுத்துக் கொடுக்க, கூட்டம் வாங்கிப் பாடும். நடுவில் சட்டென்று நிறுத்திப் பேசுவார், அப்புறம் விட்ட இடத்திலேயே தாளம் பிடிக்கும். வெற்றுடம்பு, தோளில் கொங்கடி (நம் ஊர்க் கம்பளிதான்), கையில் கோல், காலில் சலங்கை. இத்தனைக்கும் கனரா வங்கியில் வேலை பார்த்தவர், 1984இல் விட்டார். மறு வருடம் ஆந்திராவின் கரம்சேடு கிராமத்தில் தலித் படுகொலை. அதற்குப் பின் தலைமறைவு, வெளியே வந்தது 1990இல்.

கே: 'பண்டெனக பண்டி கட்டி' பாட்டாவது அவருடையதா?
ப: 'மா பூமி' தெலுங்குப் படத்தில் பாடியது அவர். எழுதியவர் நிஜாம் எதிர்ப்புப் போராட்டக் காலத்து யாதகிரி. பாடியவரெல்லாம் எழுதியவர் ஆகிவிட மாட்டார், தயவுசெய்து குழப்பாதீர்கள்.

கே: கடைசியில் கோயிலுக்குப் போனார், 2018இல் ஓட்டும் போட்டார். துரோகம்தானே?
ப: 1997 ஏப்ரல் 6 அன்று வீட்டிலேயே சுடப்பட்டார். ஒரு குண்டை எடுக்கவே முடியவில்லை, சாகும்வரை முதுகெலும்பில் இருந்தது. அந்த உடம்போடு இருபத்தாறு வருடம் பாடியவரை ஒரே சொல்லில் முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

கே: குண்டு பட்டால் கேள்வியே கேட்கக் கூடாதா, அண்ணே?
ப: கேட்கலாம் தம்பி. அவர் பாட்டைக் கேட்டுக் காட்டுக்குப் போய்த் திரும்பாத பிள்ளையின் அம்மா கேட்டால் நானும் தலைகுனிவேன். நீங்களும் நானும் நாற்காலியில் உட்கார்ந்து கேட்பது வேறு. நம்பிக்கை மாறியதை அவர் மறைக்கவில்லை, மேடையிலேயே சொன்னார். எனக்கும் அந்தக் கோயில் படங்கள் உறுத்தின, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கே: அடக்கத்தில் போலீஸ் மரியாதையாமே?
ப: ஆமாம். சுட வைத்தது போலீஸ்தான் என்று அவர் குற்றஞ்சாட்டியிருந்தார். 2023 ஆகஸ்டில் அதே போலீஸ் மரியாதை வேட்டு போட்டது. அடக்கம் செய்தது ஹைதராபாத் ஆல்வாலில், அவர் தொடங்கிய பள்ளி வளாகத்தில், பௌத்த முறைப்படி.

கே: ஐயா, தெலங்கானா மாநிலப் பாட்டு கத்தருடையதா?
ப: மேலே இரண்டாவது கேள்வி.