விஆர் ஹெட்செட் மாட்டினால் நோயாளியின் வலி புரியுமா?

செவிலியர்களுக்கும் மருத்துவ மாணவர்களுக்கும் தரப்படும் விஆர் பயிற்சி (கண்ணை மூடி மாட்டும் ஹெட்செட்டின் திரையில், நாமே உள்ளே இருப்பதுபோல் காட்டும் மெய்நிகர் காட்சி) பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: மேடம், நான் நர்சிங் இரண்டாம் ஆண்டு. நோயாளியாகவே மாறிப் பார்க்கலாம் என்கிறார்களே, உள்ளே அப்படி என்னதான் இருக்கும்?

பதில்: அமெரிக்காவின் எம்பாடிட் லேப்ஸ் நிறுவனம் விஆர் பயிற்சிக்காக உருவாக்கிய ஆல்ஃபிரட் கதையையே சொல்கிறேன். 74 வயது கறுப்பினப் பெரியவர். விழித்திரைச் சிதைவால் பார்வையின் நடுவே கருந்திட்டு, காதும் மந்தம். ஹெட்செட் மாட்டியதும் நீங்கள்தான் ஆல்ஃபிரட். ஒருவர் முகத்தை நேராகப் பார்த்தால் முகமே மறைந்துவிடும். கண்ணும் காதும் செய்யும் கோளாறைச் சுற்றியிருப்பவர்கள் அறிவு மங்குவதாக எடுத்துக்கொள்கிறார்கள். தனக்குப் புத்தி தெளிவாக இருந்தும் பிறர் நம்பாத அந்தத் தவிப்புதான் பாடம். நிறுவனத்தைத் தொடங்கிய கேரி ஷா, அல்சைமர் என்ற மறதி நோய் வந்த தன் அம்மாவைப் பார்த்துக்கொண்டவர்.

கேள்வி: இவ்வளவு நல்லதென்றால் எல்லா மருத்துவமனையிலும் கட்டாயமாக்கலாமே?

பதில்: ஹெட்செட்டை மட்டும் வாங்கிக் கொடுத்தால் கெடுதலே நடக்கலாம். ஏரியல் சில்வர்மேன் பார்வையற்ற உளவியலாளர். கண்ணைக் கட்டிக்கொண்டு பார்வையின்மையை 'அனுபவித்தவர்கள்', பார்வையற்றோரால் வேலை பார்க்கவும் தனியாக வாழவும் முடியாது என்று முன்பைவிட அதிகம் நினைத்ததை அவரும் சகாக்களும் 2015-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. காரணம் எளிது: அவர்கள் உணர்ந்தது பார்வை போன முதல் சில நிமிடங்களின் திகைப்பை. வெள்ளைக் கோலோடு வேலைக்குப் போய்வரும் ஒருவரின் வாழ்க்கை அது இல்லை. விஆர் உணர்ச்சியைத் தூண்டுகிறது, ஆனால் அடுத்தவர் நிலையிலிருந்து யோசிக்கும் திறனைக் கூட்டுவதில்லை என்று 2021-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் சொன்னார்கள். அதனால் நான் கேட்பது ஒன்றுதான்: ஹெட்செட்டைக் கழற்றியதும் அந்தக் குறைபாட்டோடு வாழும் ஒருவர் வகுப்பில் பேச வேண்டும், அதற்கு அவருக்குச் சம்பளமும் தர வேண்டும். அப்புறம் மாணவர்கள் அவரிடம் தயங்காமல் கேள்வி கேட்க நேரம் விட வேண்டும்.

கேள்வி: வார்டில் ஆளே இல்லை. இதில் கனிவுப் பயிற்சி எதற்கு?

பதில்: ஆள் பற்றாக்குறையை எந்தக் கருவியும் தீர்க்காது, உங்கள் கோபம் நியாயம். ஆனால் வெளிச்சம் உங்கள் முகத்தில் படும்படி நின்று பேசுவது, கேள்வி கேட்கும் முன் நோயாளி கண்ணாடியும் காது மெஷினும் போட்டிருக்கிறாரா என்று பார்ப்பது, இதெல்லாம் சில நொடி வேலைதான்.

கேள்வி: ஹெட்செட் மாட்டினால் எனக்குத் தலை சுற்றுகிறது, பரவாயில்லையா?

பதில்: பலருக்கும் வரும். படம் நகர்கிறது, உடல் நகரவில்லை, அதுதான். உட்கார்ந்தபடி பாருங்கள். குமட்டினால் உடனே கழற்றிவிடுங்கள்.