மனநல மருத்துவராக எத்தனை தேர்வு?

அன்புள்ள ஐயா,

பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். மனநல மருத்துவராக வேண்டும் என்று ஆசை. மனசைப் பற்றிப் படிக்கத்தான் பிடிக்கிறது. எலும்பு, நரம்பு, பிணத்தை அறுப்பது என்றாலே தலை சுற்றுகிறது. உளவியல் பட்டம் வாங்கிவிட்டு நேராக மனநல மருத்துவத் தேர்வு எழுத முடியுமா? மொத்தம் எத்தனை தேர்வு, எத்தனை வருடம்?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள மாணவிக்கு,

முடியாது. உளவியல் படித்தால் உளவியலாளர் ஆகலாம். மனநல மருத்துவர் ஆக வேண்டுமென்றால் முதலில் டாக்டர் ஆக வேண்டும்.

இந்தியாவில் நீட், ஐந்தரை வருட எம்பிபிஎஸ், நடுவே வரும் பல்கலைக்கழகத் தேர்வுகள், அப்புறம் முதுநிலை நீட். பெங்களூரு நிம்ஹான்ஸ் (தேசிய மனநலக் கல்வி நிறுவனம்), எய்ம்ஸ் போன்ற இடங்களுக்கு அது செல்லாது, ஐஎன்ஐ-செட் என்ற வேறு நுழைவுத் தேர்வைத் தனியாக எழுத வேண்டும். பிறகு மனநல மருத்துவத்தில் மூன்று வருட எம்டி பட்டப்படிப்பு. அதன் முடிவில் எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும். ஆக, இடையில் எங்கும் தடங்கல் இல்லாமல் போனால் எட்டரை வருடம். முதுநிலை இடம் கிடைக்க ஒன்றிரண்டு வருடம் காத்திருப்பவர்கள் நிறையப் பேர். அமெரிக்காவில் கல்லூரி, மருத்துவப் படிப்பு, பயிற்சி என்று நான்கு நான்காகப் பன்னிரண்டு வருடம். மருத்துவக் கல்லூரியில் சேர எம்கேட், மருத்துவராக உரிமம் பெற யுஎஸ்எம்எல்இயின் மூன்று படிகள், கடைசியில் மனநல மருத்துவ நிபுணராக வாரியத் தேர்வு.

இவற்றில் முக்கால்வாசித் தேர்வுகளில் மனசைப் பற்றிய கேள்வி சொற்பம்தான். வீண் என்று தோன்றும். ஆனால் பாருங்கள், ஒரு முதியவர் நேற்று வரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர், ராத்திரியோடு ராத்திரியாக உளறுகிறார், சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார். வீட்டில் பயந்துபோய் மனநல மருத்துவரிடம் கூட்டி வருகிறார்கள். காரணம் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், ரத்தத்தில் சோடியம் இறங்கியிருக்கலாம், போன வாரம் தொடங்கிய மாத்திரையாகவும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்காமல் தூக்க மருந்து கொடுத்து அனுப்பினால் ஆளுக்கே ஆபத்து. மனநிலை ஏற்ற இறக்கத்துக்கான லித்தியம் என்ற மருந்தை எழுதுகிறோம் என்றால், அளவு கொஞ்சம் கூடினாலும் அது விஷம். ரத்தத்தில் அதன் அளவையும், கூடவே சிறுநீரகம், தைராய்டையும் வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நீங்கள் தப்பிக்க நினைக்கும் பாடங்கள் இவைதான்.

நீங்கள் ஆசைப்படும் தேர்வும் உண்டு, ரொம்பத் தாமதமாக வரும். பிரிட்டனில் எம்ஆர்சிசைக் என்ற மனநல மருத்துவப் பட்டத்துக்கு இரண்டு எழுத்துத் தாள், ஒவ்வொன்றிலும் 150 கேள்வி. அவற்றைத் தாண்டினால் காஸ்க் என்ற செய்முறைத் தேர்வு. அதில் 16 கட்டங்கள். எதிரே நோயாளியாகவோ அவருடைய உறவினராகவோ நடிக்க ஒருவர் உட்கார்ந்திருப்பார். 'சாகணும்னு தோணுதா?' என்று கேட்டே ஆக வேண்டிய கட்டமும் வரும். பட்டியலை ஒப்பிப்பதுபோலக் கேட்டால் எதிரே இருப்பவர் வாயைத் திறக்கமாட்டார். கேட்காமல் விட்டால் மதிப்பெண் போச்சு. அமெரிக்காவில் பயிற்சிக் காலத்திலேயே நிஜ நோயாளியிடம் பேசவிட்டு, பேராசிரியர் பக்கத்தில் இருந்து பார்த்து மதிப்பிடுகிறார். என்னைக் கேட்டால் இந்தத் துறைக்கே உரிய தேர்வு இதுதான். கொஞ்சம் முன்னாலேயே வைக்கலாம்.

தலை சுற்றுவது பெரிய விஷயமில்லை, முதலாண்டு மாணவர்கள் பலருக்கும் சுற்றும், சில வாரத்தில் பழகிவிடும். ஆனால் மருந்து, ரத்தப் பரிசோதனை எதுவுமே வேண்டாம், பேச்சு மூலம் சிகிச்சை தருவதுதான் பிடிக்கும் என்றால் மருத்துவ உளவியல் பக்கம் போங்கள். அதற்குப் படிப்பு வேறு, தேர்வு வேறு. வேண்டுமென்றால் எழுதுங்கள், தனியாகச் சொல்கிறேன்.