உறுமும் மோட்டார், உப்புக் காற்று: வாஷிங் மெஷின் கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் பல ஆண்டுகளாக வாஷிங் மெஷின் பழுதுபார்த்து வருகிறேன். எந்தப் பதிலைப் படித்து மெஷினைத் திறந்தாலும், முதலில் பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

ஐயா, எங்கள் செமி ஆட்டோமேட்டிக் மெஷின் துவைக்கும் பக்கத்தில் 'உம்' என்று உறுமுகிறது, சுற்றவில்லை. மோட்டாரை மாற்றவேண்டும் என்கிறார் மெக்கானிக். உண்மையா? (மஞ்சக்குப்பம்)

அவசரப்படாதீர்கள் அம்மா. முதலில் உறுமவிடாமல் நிறுத்துங்கள். சுற்றாத மோட்டாரில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்தால் உள்ளிருக்கும் கம்பிச் சுருள் (காயில்) கருகிவிடும், பிறகு அவர் சொன்னது உண்மையாகிவிடும். பிளக்கை உருவிவிட்டுத் தொட்டியின் அடியிலுள்ள சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் அடியில் நாணயமோ ரவிக்கைக் கொக்கியோ சிக்கியிருக்கும். நடு ஸ்குரூவைக் கழற்றிச் சக்கரத்தைத் தூக்கினால் தெரியும்.

கையால் சுலபமாகச் சுற்றுகிறதா? அப்படியானால் பெரும்பாலும் மோட்டார் சுற்றத் தொடங்க உதவும் கண்டென்சர்தான் போயிருக்கும். பின்மூடியைக் கழற்றினால் பெருவிரலைவிடப் பருமனான உருளையாகவோ, சிறு பெட்டியாகவோ இருக்கும். வயிறு உப்பியிருந்தால் சந்தேகமே வேண்டாம். பிளக்கை உருவிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும், வெறுங்கையால் தொடாதீர்கள். ஹோல்டரில் மாட்டிய பழைய குண்டு பல்பின் இரண்டு ஒயர் முனைகளையும் அதன் இரு முனைகளிலும் சில விநாடிகள் வைத்தால் இறங்கிவிடும். புதியது வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். அதில் அச்சிட்டிருக்கும் மைக்ரோஃபாரட் எண் மாறக்கூடாது. வோல்ட் எண் குறையக்கூடாது. புது மோட்டார் போட்ட பிறகும் அதே உறுமல் கேட்ட ஒரு வீட்டைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கொடுத்த பணத்தை நினைத்தால் இன்றும் மனம் வேகிறது.

அண்ணா, மெஷினை ஈரக் கையோடு தொட்டால் சுருக்கென்கிறது. அடிப்பக்கமும் துருப்பிடித்துவிட்டது. (தேவனாம்பட்டினம்)

இன்றே பயன்படுத்துவதை நிறுத்துங்கள். துருவைப் பிறகு பார்க்கலாம். பிளக்கில் மூன்று முள்ளும் இருக்கின்றனவா? பெரிய முள்தான் எர்த். பொருந்தவில்லை என்று அதை வெட்டிவிட்டோ, இரண்டு முள் சாக்கெட்டில் செருகியோ ஓட்டும் வீடுகள் நம் ஊரில் எத்தனையோ! முள் சரியாக இருந்தால், வீட்டு எர்த் கம்பி வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் சோதிக்கச் சொல்லுங்கள். மின்கசிவு எங்கிருந்து வருகிறது என்பதையும் அவர் கண்டுபிடிக்கட்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (RCCB) என்ற பாதுகாப்பு சுவிட்ச் ஒன்றையும் பொருத்தச் சொல்லுங்கள். கசிவு அந்த அளவை எட்டுவதற்குள் அது இணைப்பைத் துண்டித்துவிடும். செலவைப் பார்க்காதீர்கள் தம்பி, ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று துவைப்பவர்கள் உங்கள் வீட்டார்.

துருவுக்குக் காரணம் கடற்காற்று. உப்பு படிந்த இரும்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கசிவு சரியானபின் உப்புத்தாளால் சுரண்டி, துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பூச்சு அடித்து, அதன்மேல் பெயின்ட் பூசுங்கள். பிளாஸ்டிக் ஸ்டாண்டில் ஏற்றிவைத்தால் அடிப்பக்கம் காயும்.

முன்பக்கம் திறக்கும் மெஷினில் தண்ணீர் வடியாமல் நிற்கிறது. (லாஸ்பேட்டை)

முன்னால் கீழ் மூலையில் ஒரு சிறு கதவு இருக்கும், அதற்குள் வடிகட்டி. சுடுநீரில் துவைத்திருந்தால் ஆறவிடுங்கள். தாம்பாளத்தை அடியில் வைத்து, பழைய துணிகளை விரித்து, திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஒரேயடியாகத் திறந்தால் கூடம் முழுக்க வெள்ளம். கொண்டை ஊசி, ஒரு ரூபாய் நாணயம், குழந்தையின் காலுறை, நார்நாராகத் திரிந்த அழுக்கு என்று வரிசையாக வரும். உள்ளே தெரியும் சிறு விசிறியைக் குச்சியால் தள்ளிப்பாருங்கள். அசைந்தால் மூடிவிட்டு ஓட்டலாம்.

தண்ணீர் நூல்போல விழுகிறது. (வில்லியனூர்)

குழாயை மூடிவிட்டு, மெஷினில் மாட்டியுள்ள ஹோஸைக் கழற்றுங்கள். வாயில் இருக்கும் சிறு வலையில் மணலும் சுண்ணாம்பும் அடைத்திருக்கும். பல் துலக்கும் பழைய பிரஷ் போதும்.

2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் மழையில் மெஷின் பாதி மூழ்கியது. அன்றிலிருந்து மூலையில் கிடக்கிறது. காய்ந்துவிட்டதே, இப்போது போட்டுப் பார்க்கலாமா? (அரியாங்குப்பம்)

கூடவே கூடாது. வெளியே காய்ந்திருந்தாலும் மோட்டார் காயிலிலும் இணைப்புகளிலும் சேறும் உப்பும் தங்கியிருக்கும். மெக்கானிக்கை அழைத்து மெகர் கருவியால் மோட்டாரின் இன்சுலேஷனை, அதாவது மின்காப்பை, சோதிக்கச் சொல்லுங்கள். அது தேறினால் மோட்டார் பிழைக்கலாம். மூழ்கிய சர்க்யூட் போர்டை நான் நம்பமாட்டேன். எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஓடாமல் கிடக்கும் மெஷின் அதற்கு வசதியான வீடு.

ஸ்பின் ஆகும்போது ரயில் வருவதுபோல் சத்தம். நானே பேரிங் மாற்றலாமா? (நெல்லிக்குப்பம்)

கதவைத் திறந்து டிரம்மை மேலும் கீழும் ஆட்டிப்பாருங்கள். ஆட்டமும் கரகரப்பும் இருந்தால் பேரிங்தான். ஆனால் தொட்டியையே வெளியே எடுத்துப் பிரிக்கவேண்டும், இழுப்பான் கருவியும் தேவை. இந்த ஒரு வேலையைப் பட்டறைக்கு விடுங்கள். தாமதிக்காதீர்கள், தண்ணீரைத் தடுக்கும் சீலும் தேய்ந்திருந்தால், ஒழுகும் நீர் சில மாதங்களில் டிரம்மின் தண்டையே அரித்துவிடும்.