திரையில் சரியாக இருக்கும் படிவம் அச்சில் வெட்டுப்படுவது ஏன்?

திரையில் முழுமையாகத் தெரியும் படிவம் அச்சில் வலப்புறமும் கீழும் வெட்டுப்பட்டால், உங்கள் நிரல் தாளின் முழு அளவையும் நம்பி வரைவதே பெரும்பாலும் காரணம். ஏ4 தாள் 210 × 297 மி.மீ. என்றாலும், பெரும்பாலான அச்சுப்பொறிகளால் ஓரங்களில் சில மில்லிமீட்டருக்கு மை இட முடியாது. இந்த அளவு பொறிக்குப் பொறி மாறுவதால், அதை நிலையான எண்ணாக எழுதாமல் அச்சுப்பொறியின் டிரைவரிடமே (கணினியை அச்சுப்பொறியுடன் இணைக்கும் மென்பொருள்) கேட்டுப் பெறுவதுதான் முறை. அச்சிடத்தக்க அகலத்தைப் படிவத்தின் அகலத்தாலும், உயரத்தை உயரத்தாலும் ஒரே அலகில் வகுத்து, கிடைக்கும் விகிதங்களில் சிறியதையே இரு திசைகளுக்கும் பயன்படுத்திப் படிவத்தின் அளவை மாற்றுங்கள்.

விண்டோஸில் பலர் கவனிக்கத் தவறுவது தொடக்கப்புள்ளியைத்தான். ஜிடிஐ (GDI) என்னும் விண்டோஸின் வரைகலை இடைமுகம் வழியாக அச்சிடும்போது (0, 0) என்பது வழக்கமாகத் தாளின் மூலை அன்று, அச்சிடத்தக்க பரப்பின் மூலை. ஆகவே தாளின் விளிம்பிலிருந்து அளந்த ஆயங்களில் (x, y இட எண்களில்) மை இட முடியாத அந்த ஓர அளவைக் கழிக்காவிட்டால், விகிதம் சரியாக இருந்தும் படிவம் வலமும் கீழுமாக நகர்ந்துவிடும்.