விபிஎன் போட்டால் பேங்க் பணம் பத்திரமா?

கேள்வி: அண்ணே, நான் சிங்கப்பூரில் ஜூரோங் பக்கம் டார்மிட்டரியில் இருக்கிறேன். அங்குள்ள பொது வைஃபையில்தான் பேங்க் ஆப்பைத் திறந்து ஊருக்குப் பணம் அனுப்புவேன். அது ஆபத்து என்று சொல்லி ரூம்மேட் ஒரு இலவச விபிஎன் போட்டுக் கொடுத்தார். இனி பயமில்லையா?

பதில்: தம்பி, முதலில் அந்த இலவச ஆப்பை எடுத்துவிடுங்கள். விபிஎன் போட்டால் உங்கள் போனிலிருந்து போவதெல்லாம் அந்தக் கம்பெனியின் சர்வர் வழியாகத்தான் போகும். வைஃபைக்காரன் பார்க்க முடியாது, சரி, ஆனால் நீங்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது இப்போது கம்பெனிக்காரனுக்குத் தெரியும். காசு வாங்காமல் சர்வர் நடத்துகிறவனுக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது? ஃபேஸ்புக் 2013-ல் வாங்கிய ஓனாவோ என்ற இலவச விபிஎன், பாதுகாப்பு என்று சொல்லிக்கொண்டே மக்கள் எந்த ஆப்பை எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்று திரட்டிக்கொண்டிருந்தது. அது ஆப்பிளின் விதிகளுக்கு ஒத்துவராமல் 2018-ல் ஆப் ஸ்டோரை விட்டே போனது.

பேங்க் ஆப் தானாகவே எல்லாவற்றையும் பூட்டித்தான் அனுப்புகிறது, பொது வைஃபையில் இருந்தாலும் பாஸ்வேர்டு வெளியே தெரியாது. பயப்பட வேண்டிய இடம் வேறு. போன மாதம் தேக்காவில் ஒரு பெரியவர் தன் போனை என்னிடம் நீட்டினார். மேலே விபிஎன்னின் சாவிக் குறி இருக்கிறது, கீழே 'பார்சல் நிற்கிறது, 80 காசு கட்டுங்கள்' என்று ஒரு பக்கம், கார்டு நம்பரில் பாதியை அடித்துவிட்டார். முகவரியின் தொடக்கத்தில் தபால் கம்பெனி பெயர்தான், ஆனால் அப்புறம் ஒரு சிறு கோடு, அதற்குப் பின் சம்பந்தமே இல்லாத ஒரு சொல், அப்புறம்தான் டாட் காம். டாட் காமுக்கு ஒட்டினாற்போல் முன்னால் இருப்பதை, கோடு போட்டு இழுத்திருந்தால் அதையும் சேர்த்து, முழுசாகப் படிக்க வேண்டும். அதுதான் தளத்தின் பெயர். அவர் மட்டும் மீதி நம்பரையும் அடித்திருந்தால் விபிஎன் என்ன செய்திருக்கும்? ஒன்றும் செய்திருக்காது, நாமே கொடுப்பதை அது தடுக்காது.

அதனால் செய்ய வேண்டியது இதுதான். வாட்ஸ்அப்பில் யாராவது ஏபிகே ஃபைல் (ஆப் ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஆண்ட்ராய்டு ஆப்பைப் போடும் ஃபைல்) அனுப்பி இன்ஸ்டால் பண்ணச் சொன்னால் தொடாதீர்கள், 2023-ல் இங்கே பலருடைய கணக்கைக் காலி செய்தது அந்த வழிதான். சேமிப்பைப் பேங்கின் மணி லாக்கில் போட்டு வையுங்கள், போன் திருடன் கைக்குப் போனாலும் அந்தப் பணத்தை ஆன்லைனில் மாற்ற முடியாது. சந்தேகம் வந்தால் கூச்சப்படாமல் மோசடி உதவி எண்ணான 1799-க்குப் போன் பண்ணுங்கள், ராத்திரியானாலும் எடுப்பார்கள்.

கேள்வி: மகள் பிரவுசரில் எப்போதும் இன்காக்னிட்டோ என்ற ரகசிய முறையில்தான் இருக்கிறாள், அது பாதுகாப்புதானே? (யீஷூன் வாசகி)

பதில்: அக்கா, அது போனில் ஹிஸ்டரியைச் சேமிக்காது, அவ்வளவுதான். அவள் போகும் தளத்துக்கும் பள்ளி வைஃபைக்கும் தெரிவது தெரிந்துகொண்டேதான் இருக்கும். இன்காக்னிட்டோவில் உலாவியவர்களிடமிருந்து திரட்டிய தகவலை அழிப்பதாக கூகுளே 2024-ல் ஒரு வழக்கில் ஒப்புக்கொண்டது. பின்தொடரும் விளம்பரங்களைத் தடுக்க ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரோ பிரேவ் பிரவுசரோ போட்டுக் கொடுங்கள். ஆண்ட்ராய்டு போன் என்றால் ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானையும் சேர்க்கலாம், போலி 'டவுன்லோட்' பட்டன்களில் பெரும்பாலானவை கண்ணிலேயே படாது. எந்த பிரவுசரானாலும் அப்டேட் வந்த அன்றே போட்டுவிடச் சொல்லுங்கள்.